கைராசிக்காரி

கைராசி என்று ஒன்று இருப்பதாக நான் என்றைக்கும் நம்பியதில்லை. ஆனால் எனக்கு அது இருப்பதாக நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் நம்பியபோது நான் மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

என் பெயர் கோகிலவாணி. பரமத்தி சாலையில் உள்ள ஒரு மண்ணீரல் மையத்தில் ஸ்கேன் டெக்னீஷியனாக இருக்கிறேன். மண்ணீரலுக்கென்று தனி மையமா என்று சென்ற தலைமுறை ஆட்கள் சிரிப்பார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைத்த மரியாதை அதற்குக் கிடைத்ததே இல்லை. இடது விலாவுக்கு அடியில் தானுண்டு தன் வேலையுண்டு என்று கிடந்த உறுப்பு அது.

தானாக ஓடும் லாரிகள் நெடுஞ்சாலைக்கு வந்ததும் அதன் அமைதி கெட்டது. மெஷினுக்கு மாரடைப்பு வராது, மனிதனுக்கு வரும். ஆகவே லாரி ஓட்டுகிற மனிதர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெட்ட கொழுப்பு எழுபதுக்குள் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் நிபந்தனை போட்டார்கள். காட்டாதவர் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. எங்கள் ஊரோ முட்டை ஊர். லட்சம் முட்டையை ஏற்றிக்கொண்டு கொச்சி வரை போகிற ஆள், வழியில் ஓர் ஆம்லெட் சாப்பிடப் பயந்தான்.

மாத்திரை கொடுத்தால் விழுங்கினானா துப்பினானா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஊசி வந்தது.

லோகநாதன் முதன்முறை வந்தபோது கேட்டதை எல்லா ஓட்டுநர்களும் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வயது, நெடுநெடுவென்ற உயரம், உட்காரச் சொன்னாலும் இரண்டு தடவை யோசித்து உட்காருகிற பணிவு.

"ஏனுங்க்கா, கொழுப்புக்கும் மண்ணீரலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"மண்ணீரலோட வேலை வயசான ரத்த அணுவப் புடிச்சுத் தின்னுடறதுங்க தம்பி. அதுல இருக்கற செல்லுங்க கொழுப்பையும் சேத்து உள்ள இழுத்துக்கும். மண்ணீரல் வீங்குனவங்களுக்குக் கொலஸ்ட்ரால் கொறஞ்சு கெடக்கறதும், ஆபரேஷன் பண்ணி அத எடுத்துட்டா ஏறறதும் டாக்டருங்க ரொம்ப நாளாப் பாத்ததுதான். வேணும்னே ஊசி போட்டு அத சித்த வளத்துவிட்டா என்னன்னு யாருக்கோ தோணிருச்சு."

"வளந்துட்டே போயிருச்சுன்னா?"

"அதுக்குத்தான் நான் உக்காந்திருக்கறேன். பதினாலு சென்டிமீட்டருக்குள்ள இருந்தா ஊசி போடுவாங்க. தாண்டிருச்சுன்னா நிறுத்திட்டு, ரத்தம் பூராவும் டெஸ்ட் எடுப்பாங்க. அளவுக்கு மீறி வளந்த மண்ணீரல் கெழட்டு அணு, எளசு அணுன்னு பாக்காதுங்க. அகப்பட்டதையெல்லாம் புடிச்சு வெச்சுக்கும். ரத்தம் உறையறதுக்குன்னு இருக்கற பிளேட்லெட்டக்கூட விடாது."

"ஊசிய நிறுத்துனா கொழுப்பு ஏறிருமுங்களா?"

"ஏறும்."

லைசென்ஸ் என்ன ஆகும் என்பது அவருக்கே தெரியும்.

இரண்டு ஊசியில் அவருடைய கொழுப்பு நூற்றைம்பதிலிருந்து அறுபத்தைந்துக்கு இறங்கியது. நான்காவது முறை வந்தபோது மண்ணீரல் பதினான்கு புள்ளி நான்கு இருந்தது. திரையில் எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. அந்த மாதம்தான் சொந்த வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தார். மனைவி பூர்ணிமா வெளியே காத்திருந்தாள்.

"இன்னொருக்கா பாருங்க்கா," என்றார்.

பார்த்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பாதியில் அவருக்கு இருமல் வந்தது. விலாவின் மேல் வைத்து ஸ்கேன் எடுக்கும் புரோப் என் கையில் சற்றே சாய்ந்துவிட்டது. மெஷின் அந்த நொடியைப் பிடித்து நிறுத்தி அளந்தது. பதின்மூன்று புள்ளி ஆறு.

அது தப்பான அளவு என்று எனக்கு அந்த நொடியே தெரியும். மண்ணீரலின் நீளவாக்கை விட்டுக் கொஞ்சம் விலகிச் சாய்த்தால் நீளம் குறைந்துதான் தெரியும். பயிற்சியில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஆனால் லோகநாதன் திரையைப் பார்த்துவிட்டார். ஜெல் ஒட்டியிருந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க கைராசிங்க்கா," என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் அழிக்கவில்லை. அவருக்காகத்தான் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் வாழ்க்கையில் அதற்குமுன் யாரும் என் கையைப் பிடித்து அப்படிச் சொன்னதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

லோகநாதன் வாய் சும்மா இருக்குமா? லாரிப் பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டார். கோகிலாக்கா கையில் பார்த்தால் அளவு உள்ளே வரும் என்று சேலம், திருச்செங்கோடு, சங்ககிரியிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மற்ற டெக்னீஷியன்கள் சும்மா உட்கார்ந்திருக்க, என் அறை வாசலில் மட்டும் வரிசை நின்றது. பதினான்கைத் தாண்டியவர்கள் வந்தால் என் மணிக்கட்டு தானாகச் சாய்ந்தது. எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு குறையும் என்பது எனக்கு அத்துப்படியாகிவிட்டது. எண்ணை நான் மாற்றவில்லை, மெஷின் கண்டதைத்தான் எழுதினேன் என்று மனசாட்சிக்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

புது வண்டிப் பூஜைக்கு என்னை அழைத்தார்கள். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பது, சூடம் கொளுத்துவது, முதல் சாவி போடுவது எல்லாம் என் கையால் நடக்க வேண்டுமாம். லோகநாதனின் சொந்த வண்டிக்கு நான்தான் சாவி போட்டேன். பூர்ணிமா எனக்குப் பட்டு ஜாக்கெட் துணி வைத்துக் கொடுத்தாள். நான் பெரிய மனுஷி மாதிரி வாங்கிக்கொண்டேன். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எட்டாவது முறை லோகநாதன் வந்தபோது நேராகப் பிடித்ததில் பதினாறரை இருந்தது. சாய்த்தேன். பதின்மூன்று புள்ளி ஏழு.

"சாப்பாடெல்லாம் எப்படிங்க தம்பி?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அதையேன் கேக்கறீங்க. ரெண்டு இட்லி தின்னா வவுறு ரொம்பிப் போயிருதுங்க்கா. சாப்பாட்டுச் செலவே மிச்சம்னு பூர்ணிமா கேலி பண்றா."

பெருத்த மண்ணீரல் இரைப்பையை அழுத்தினால் அப்படித்தான் இருக்கும். அவருடைய கணுக்காலில் கொசு கடித்தது போலச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கொசு கடித்தால் வரிசையாக ஐம்பது இடத்தில் கடிக்காது. தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது. ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் பதினான்குக்குள் இருப்பவருக்கு ஏன் பரிசோதனை என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது? என் பெயர் போய்விடுமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

"கொசுவர்த்தி வெச்சுக்குங்க தம்பி," என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்துப் பூர்ணிமா போன் செய்தாள். வண்டியில் தார்ப்பாய் கட்டும்போது இரும்புக் கம்பி லேசாக அவர் இடது விலாவில் பட்டதாம். லேசான அடிதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் சுருண்டு விழுந்திருக்கிறார். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

"நீங்க வந்து ஒருக்கா அவரத் தொட்டுருங்க்கா. உங்க கை பட்டாப் போதும்," என்று அழுதாள்.

மதியம் போய்ச் சேர்ந்தேன். ரத்தநோய் மருத்துவர் நஸ்ரீன் கையில் எங்கள் மையத்தின் அறிக்கையை வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், அனாவசியமாக ஒரு வார்த்தை பேசாத மனுஷி.

"இந்த ஸ்கேன் எடுத்தது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"பதிமூணு புள்ளி ஏழுன்னு போட்டிருக்கு. நாங்க பாத்தா பத்தொம்பது. பிளேட்லெட் ஒன்றரை லட்சம் இருக்கணும், இருபத்திரண்டாயிரம்தான் இருக்கு. சிவப்பணு, வெள்ளையணு எல்லாம் பாதி. மண்ணீரல் கிழிஞ்சு வயித்துக்குள்ள ரத்தம் ஊறிட்டிருக்கு. பிளேட்லெட் ஏத்திக்கிட்டே ஆபரேஷன் பண்ணி எடுக்கப் போறோம். பிழைக்கறது அம்பதுக்கு அம்பது. பத்து நாள்ல அஞ்சு சென்டிமீட்டர் வளராதும்மா. எப்படி இது?"

பூர்ணிமா என் பக்கத்தில் என் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

"மெஷின் பழசு டாக்டர். அளவு முன்னப்பின்ன காட்டும்," என்றேன்.

"அக்கா மெஷின மாத்தச் சொல்லி எத்தனையோ தடவ கேட்டிருப்பாங்க டாக்டர். அவுங்க என்ன பண்ணுவாங்க பாவம்," என்றாள் பூர்ணிமா.

பாவம் என்று என்னைச் சொன்னாள். தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. டாக்டர் நஸ்ரீன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, மெஷின் மேல் புகார் எழுதப் போய்விட்டார்.

லோகநாதன் பிழைத்தார். மண்ணீரல் போய்விட்டது. பிளேட்லெட் ஒரே வாரத்தில் மளமளவென்று ஏறியது. கொழுப்பும் ஏறியது. நூற்றுமுப்பது. லைசென்ஸ் போனது. ஊசி போட உள்ளே உறுப்பே இல்லையே.

டாக்டரின் புகார் வேலை செய்தது. ஊசி கம்பெனி கூடத்தின் மறுகோடியில், ஆளே தேவைப்படாமல் தானாக ஸ்கேன் எடுக்கும் இயந்திரக் கை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. பொருத்த வந்தவர் அபிநந்தன் என்ற சென்னைக்காரர், கம்பெனியின் தரப் பிரிவு அதிகாரி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை மேடம். புரோப்புக்குள்ள அசைவைப் பதிவு பண்ற சிப் இருக்கு, தெரியுமில்லையா? ஒரு வருஷமா எல்லா மையத்தோட பதிவும் எங்ககிட்ட வருது. மத்த இடத்துல நூறு பேருக்குப் பதினெட்டு பேர் பதினாலைத் தாண்டி ஊசியை நிறுத்தறாங்க. உங்க ரூம்ல மட்டும் ரெண்டே பேர். நாடு முழுக்க நீங்கதான் ஃபர்ஸ்ட். அதனால இந்தக் கைக்கு உங்க அசைவைத்தான் கத்துக்கொடுத்திருக்கோம். முன்னூறு மையத்துக்குப் போகுது."

அவர் பட்டனை அழுத்தினார். கை மெல்ல இறங்கி, படுக்கையில் கிடந்த ரப்பர் பொம்மையின் விலாவைத் தொட்டது. ஜெல்லைப் பரப்பியது. விலா எலும்புகளுக்கு இடையே நின்றது. பிறகு, கட்டைவிரல் பக்கமாக, நான் சாய்க்கிற அதே அளவு சாய்ந்தது.

"சார், அது தப்பு. நான் வேணும்னே சாய்ச்சுப் புடிச்சேன். அளவு கொறையறதுக்காக. லோகநாதன்னு ஒருத்தர் அதனாலதான் சாவக் கெடந்தாரு."

அபிநந்தன் முதலில் தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு போனது. போய்க் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை எழுத்துல கொடுத்தீங்கன்னா முதல்ல உள்ள போறது நீங்கதான். மெஷின் தப்புன்னு மருத்துவமனையில சொன்னதும் நீங்கதான். யோசிச்சுக்குங்க." பிறகு, "எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி சாய்ச்சா அப்புறம் அதுதானே மேடம் அளவு," என்றார்.

நான் யோசித்தேன். மூன்று வாரம் யோசித்தேன். அதற்குள் முன்னூறு ஊரில் எத்தனை பேரின் விலாவில் என் கை சாய்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் துணிவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். என் அறையில் வந்து படுத்தவர்களுக்கு நேராகப் பிடித்து அளந்தேன். அக்காவுக்குக் கைராசி போய்விட்டது என்ற பேச்சு கிளம்பியது. வரிசை மெல்ல இயந்திரக் கையின் பக்கம் நகர்ந்தது. சிலர் பழைய விசுவாசத்தில் என்னிடமே நின்றார்கள்.

நேற்று காலை பதினொரு மணிக்கு லோகநாதன் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கூடப் பூர்ணிமாவின் தம்பி தினகரன், இருபத்தாறு வயதுப் பையன். லோகநாதனின் வண்டியை இப்போது ஓட்டுவது அவன்தான்.

"மெஷினெல்லாம் வேண்டாமுங்க்கா. இவனுக்கு உங்க கையிலயே பாத்துருங்க. உங்களாலதான் நான் இன்னிக்கு உசுரோட இருக்கறேன். நீங்க அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து தொட்டதுலதான் பொழச்சேன்னு பூர்ணிமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கறா."

தினகரனைப் படுக்க வைத்தேன். நேராகப் பிடித்தேன். பதினாறு புள்ளி ஒன்று. அவன் கணுக்காலைப் பார்த்தேன். அதே சிவப்புப் புள்ளிகள்.

"சித்த இன்னொருக்கா பாருங்க்கா," என்றார் லோகநாதன். குரலில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து அறைக்கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தேன். இரண்டு வரிசையிலுமாக முப்பது ஓட்டுநர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"எனக்குக் கைராசியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. வெள்ளரிக்காய நீளவாக்குல வெட்டாமச் சாய்ச்சு வெட்டுனா துண்டு நீளம் கொறஞ்சு இருக்கும்ல, அந்த மாதிரி சாய்ச்சுப் புடிச்சு உங்க அளவக் கொறச்சுக் காட்டுனேன். ஒரு வருசத்துக்கு மேல. உங்க மண்ணீரல் உங்க ரத்தத்தத் தின்னுட்டு இருந்தது எனக்குத் தெரியும். லோகநாதனுக்குப் பதினாறரைன்னு தெரிஞ்சும் பதிமூணுன்னு எழுதுனேன். டாக்டர் கேட்டப்ப மெஷின் மேல பழியப் போட்டேன்."

காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கேட்டார்.

"அப்ப அந்த மெஷின் கையி?"

"அதுவும் என் கையப் பாத்துக் கத்துக்கிட்டதுதானுங்க. அதுவும் அப்படியே சாய்க்கும். தயவு செஞ்சு அத நம்பாதீங்க. ரத்த டெஸ்ட் எடுத்துக்குங்க."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. என்னை அடிக்க வருகிறார்கள் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். யாரும் என் அருகே வரவில்லை. என் வரிசையில் மீதமிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல், இயந்திரக் கையின் வரிசையில் போய் நின்றார்கள்.

"அதுவும் அக்கா கைதானாமா," என்று ஒருவர் பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

லோகநாதன் அறை வாசலில் நின்றிருந்தார். கை அவரையறியாமல் இடது விலாத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"பதினாறரைன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"பூர்ணிமாகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"இல்லைங்க தம்பி. இன்னிக்கே வந்து சொல்றேன்."

"வேண்டாமுங்க்கா. அவ தாங்க மாட்டா." பிறகு உள்ளே திரும்பி, "மாப்ள, எந்திரி. அக்கட்டப் போய் மெஷின்ல படு," என்றார்.

நான் வாசலை மறித்து நின்றேன். "உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டீங்களா? அவனுக்குப் பதினாறுங்க. நாளைக்கே ஒரு அடி பட்டா அவன் கதி என்ன?"

"மறக்கலீங்க. ரெண்டு பேரும் வூட்ல உக்காந்துட்டா ஆவாதுங்க்கா."

சண்டை போடவில்லை அவர். என் தோளைத் தொட்டுக்கூட விலக்கவில்லை. நானாக நகரும் வரை பொறுமையாகக் காத்து நின்றார். நான் நகர்ந்தேன். அந்த வாசலை மறித்து நிற்க எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

தினகரன் படுத்து இடது கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான். இயந்திரக் கை இறங்கியது. திரையில் எண் வந்தது. பதின்மூன்று புள்ளி நான்கு. பக்கத்து மேசை நர்ஸ் ஊசியை எடுத்தாள்.

லோகநாதன் எண்ணைப் பார்த்தார். பிறகு கூடத்தின் இந்தப் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.